21 கிலோ பையனுக்கு வெயிட்டட் வெஸ்ட்: பள்ளியில் நாள் முழுக்கப் போடச் சொல்றாங்க, வாங்கலாமா?

யாழன்அம்மா

எல்லாருக்கும் வணக்கம். பையனுக்கு 7 வயசு, ஆட்டிசம். எடை 21 கிலோ. பேச்சு இப்போதான் ரெண்டு மூணு வார்த்தை சேர்ந்து வருது. வகுப்புல அஞ்சு நிமிஷம் சேர்ந்தாப்ல நாற்காலியில உட்கார மாட்டேங்கிறான். எழுந்து சுவரோரமா ஓடுறான், பென்சிலை மென்னு துப்புறான், பக்கத்துப் பிள்ளை மேல முழு உடம்பையும் சாய்ச்சுடுறான். அந்தப் பிள்ளையோட அம்மாகிட்ட இருந்து புகார் வேற.

பள்ளியில இருக்கிற ஸ்பெஷல் எஜுகேட்டர் (சிறப்புக் கல்வி ஆசிரியர்) வெயிட்டட் வெஸ்ட், அதாவது எடை வச்ச கையில்லாத மேலுடுப்பு, வாங்கித் தரச் சொல்லியிருக்காங்க. காலையில போட்டு அனுப்பணுமாம், சாயங்காலம் வீட்டுக்கு வந்து கழட்டிக்கலாமாம். எத்தனை கிலோன்னு கேட்டா, பையனைப் பார்த்து நீங்களே முடிவு பண்ணிக்கோங்கன்னு சொல்லிட்டாங்க.

வீட்டுல அவன் எப்படின்னு சொல்லிடுறேன். சோபா மெத்தையை எல்லாம் உருவித் தன் மேல அடுக்கிக்குவான். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவுல ஒரு சந்து இருக்கு, அதுல பக்கவாட்டா நுழைஞ்சு நின்னுக்குவான். நாள் பூரா பார்த்தா அங்க நிக்கும்போதுதான் அவன் முகம் தளர்ந்து இருக்கும். அதே பையன் சட்டைக் காலர்ல லேபிள் இருந்தா அதைக் கத்தரிக்கிற வரைக்கும் விடமாட்டான். கழுத்துப் பக்கம் யாரும் கை வைக்கக்கூடாது. சீக்கிரம் வேர்த்தும் போகும்.

தூக்கமும் பிரச்சனைதான். படுக்கையில போட்டா உருண்டுக்கிட்டே இருந்து பதினோரு மணிக்கு மேலதான் கண்ணை மூடுறான். வெயிட்டட் பிளாங்கெட் (எடைப் போர்வை) வாங்கினா தூங்கிடுவான்னு எங்க பார்த்தாலும் விளம்பரம். நிஜமா? வீட்டுலயே தைக்க முடியுமா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க, ரொம்பக் குழப்பமா இருக்கு.

பாலா_அப்பா

சகோதரி, நான் கொஞ்சம் கடுப்பாவே சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஆட்டிசம்னு பேர் கேட்டாலே நம்ம தலையில கட்டுறதுக்கு ஆயிரம் பொருள் காத்திருக்கு. வெஸ்ட்டுக்கு உருப்படியான ஆராய்ச்சி ஆதாரமே கிடையாது. எங்க வீட்டுல பரண் மேல ஒண்ணு கிடக்கு, வேணும்னா பார்த்துக்கோங்க. அந்தக் காசுக்குப் பேச்சுப் பயிற்சிக்குக் கூடுதலா நாலு முறை கூட்டிட்டுப் போங்க.

அகிலா (ரெண்டு பொண்ணுங்க அம்மா)

பாலா சார் சொல்றதுல பாதி சரி. பாதின்னு ஏன் சொல்றேன்னா, என் பெரியவளுக்கு இப்போ 13 வயசு, அவளும் ஆட்டிசம்தான், எடைப் போர்வை இல்லாம அவ படுக்க மாட்டா.

ஆனா யாழன்அம்மா, அவ அதை எப்படிப் போர்த்துக்கிறான்னு கேளுங்க. கழுத்து வரைக்கும் இழுத்து மூடிக்கிறதெல்லாம் விளம்பரத்துல வர்ற பிள்ளைங்கதான். இவ அதை ரெண்டா மடிச்சு, முழங்காலுக்குக் கீழ மட்டும் போட்டுக்குவா. பாதம் ரெண்டும் அடியில நசுங்கி இருக்கணும். நெஞ்சு மேல ஒரு ஓரம் பட்டாலும் உதைச்சுத் தள்ளிடுவா. தூக்கம் பிடிச்சதும் பாதி நேரம் போர்வை தரையிலதான் கிடக்கும். நான் எடுத்துத் திரும்பப் போர்த்துறதில்லை. அவ தள்ளினா அவளுக்குப் போதும்னு அர்த்தம்.

பள்ளிக்கு வெஸ்ட் எங்களுக்குச் சரிப்படலை. முன்னாடியும் பின்னாடியும் சின்னச் சின்னப் பையா தைச்சிருப்பாங்க, அதுக்குள்ள எடைக்கட்டியைச் செருகணும். குனிஞ்சு நிமிர்ந்தா கட்டி ஒரு பக்கமா இறங்கிடும், பிள்ளை ஒரு தோளைச் சாய்ச்சுக்கிட்டே உட்காரும். வெல்க்ரோவைப் பிரிக்கிற அந்த 'பர்ர்ர்' சத்தம் வேற! காதுல கையை வச்சிக்கிற பிள்ளைக்கு அதை மாட்டி விடுறதே ஒரு போராட்டம். கழுத்துல தொட்டாலே ஆகாதுன்னு சொல்றீங்க, வெஸ்ட்டோட பாரம் முழுக்க இறங்குற இடமே தோளும் கழுத்தடியும்தான். அதை யோசிங்க.

அவளுக்கு நல்லா எடுபட்டது மடியில வைக்கிற எடைப்பை. எழுதும்போது மடியில கிடக்கும், எழுந்தா அவளே தூக்கி மேசையில வச்சிட்டுப் போவா. தலையணை உறை மாதிரி இருக்கிறதால மத்த பிள்ளைங்களும் அதைப் பெருசா கண்டுக்கலை. வெஸ்ட் போட்டுட்டுப் போனா "இது என்ன ஜாக்கெட்"னு பத்துப் பேர் கேப்பாங்க. நம்ம பிள்ளைங்களுக்கு அது ஒரு கூடுதல் பாரம்.

ராகவன்_ஓடி

நான் குழந்தைகளுக்கான ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சையாளர். உங்கள் மகனை நேரில் பார்க்காமல் 'இதை வாங்குங்கள்' என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதிலேயே நிறைய தகவல் இருக்கிறது. அதை வைத்துப் பேசலாம்.

லேபிள் ஆகாது, ஆனால் மெத்தைக்கு அடியில் நசுங்கிக் கிடக்கப் பிடிக்கிறது. இது முரண் போலத் தெரியும், முரண் இல்லை. தோலை லேசாக உரசும் தொடுதல் உடம்பை உஷார்ப்படுத்தும். கைமேல் எறும்பு ஊர்ந்தால் நாம் எல்லோருமே துள்ளுவோம் இல்லையா, அதுதான். பரவலாக, அழுத்தமாக, அசையாமல் இருக்கும் தொடுதல் பலருக்கு அதற்கு நேர் எதிராக வேலை செய்கிறது. ஆங்கிலத்தில் டீப் பிரஷர் என்பார்கள். இதோடு ப்ரோப்ரியோசெப்ஷன் என்று ஒன்றும் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டாலும் என் கை எங்கே இருக்கிறது, கால் எப்படி மடங்கியிருக்கிறது என்று தெரிகிறதே, தசையிலும் மூட்டிலும் இருந்து வரும் அந்தச் செய்தி. அது மங்கலாக வந்து சேரும் குழந்தைகள் மோதியும் சாய்ந்தும் மென்றும் குதித்தும் அதைத் தேடிக்கொள்வார்கள் என்பது எங்கள் துறையின் விளக்கம். ஜீன் ஏர்ஸ் என்ற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் 1970-களில் இந்தச் சிந்தனையை ஒரு முறையாக வளர்த்தெடுத்தார். சந்துக்குள் நுழைந்து நிற்கும் உங்கள் பையன் தனக்கு வேண்டியதைத் தானே கண்டுபிடித்து வைத்திருக்கிறான் என்றுதான் நான் படிக்கிறேன்.

இந்த இடத்தில் டெம்பிள் கிராண்டினைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஆட்டிசம் உள்ளவர், பின்னாளில் கால்நடை அறிவியல் பேராசிரியர். இளம் வயதில் அரிசோனாவில் தன் அத்தையின் பண்ணைக்குப் போனபோது, ஊசி போடுவதற்காக மாடுகளை இருபுறமும் பலகையால் அழுத்திப் பிடிக்கும் கூண்டைப் பார்த்தார். மிரண்ட மாடுகளில் சில அந்த அழுத்தத்தில் அடங்குவதைக் கவனித்தார். தனக்கும் அப்படி ஒன்றை 18 வயதில் கட்டிக்கொண்டார். 1992-ல் அதைப் பற்றி ஆய்வுக் கட்டுரையும் எழுதினார். எல்லோரும் இந்தக் கதையில் அழுத்தத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த இயந்திரத்தின் நெம்புகோல் உள்ளே படுத்திருப்பவரின் கையில் இருந்தது. எவ்வளவு அழுத்தம், எப்போது நிறுத்துவது என்று அவரேதான் தீர்மானித்தார். எனக்கு அந்தக் கதையில் முக்கியம் அந்த நெம்புகோல்தான். காலையில் மாட்டி சாயங்காலம் கழற்றும் வெஸ்ட்டில் அது குழந்தையின் கையில் இல்லை.

பாலா சார், ஆதாரம் பற்றி நீங்கள் சொன்னது வெஸ்ட்டைப் பொறுத்தவரை பெரும்பாலும் சரி. 2001-ல் கவனக்குறைவு (ஏடிஹெச்டி) உள்ள 4 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வில் வெஸ்ட் போட்டபோது வேலையில் கவனம் கூடியது. அதைத்தான் விற்பவர்கள் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதன்பின் ஆட்டிசம் குழந்தைகளிடம் செய்த ஆய்வுகளில் பெரும்பாலானவற்றில், எடை வைத்த வெஸ்ட்டுக்கும் வைக்காத வெஸ்ட்டுக்கும் நாற்காலியில் உட்காரும் நேரத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 2009-ல் இந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தவர்களும் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்றே முடித்தார்கள்.

போர்வைக்கு வந்தால் கதை கொஞ்சம் சுவாரசியமானது. 2014-ல் பீடியாட்ரிக்ஸ் என்ற குழந்தை மருத்துவ இதழில் வந்த பிரிட்டன் ஆய்வு. ஆட்டிசமும் தூக்கப் பிரச்சனையும் உள்ள 5 முதல் 16 வயது வரையிலான 67 குழந்தைகள். இரண்டு வாரம் எடைப் போர்வை, இரண்டு வாரம் அதே தோற்றத்தில் சாதாரணப் போர்வை. கையில் கட்டும் கருவியை வைத்து அளந்தார்கள். மொத்தத் தூக்க நேரம் கூடவில்லை, சீக்கிரம் தூங்கவும் இல்லை, நடுவில் விழிப்பதும் குறையவில்லை. ஆனால் எது பிடித்தது என்று கேட்டபோது குழந்தைகளும் பெற்றோரும் எடைப் போர்வையைத்தான் அதிகம் விரும்பினார்கள்! அகிலா அவர்களின் மகள் அந்த 67 பேரில் ஒருத்தியாக இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. பெரியவர்களிடம் நிலைமை வேறு. 2020-ல் சுவீடனில் மனச்சோர்வு, பதற்றம், கவனக்குறைவு போன்றவற்றோடு தூக்கமின்மையும் உள்ள 120 பேரிடம் செய்த ஆய்வில் எடைப் போர்வை நன்றாகவே உதவியது. அந்த முடிவை அப்படியே 7 வயதுப் பிள்ளைக்குத் தூக்கி வைத்து விளம்பரம் செய்வதுதான் எனக்கு எரிச்சல்.

ஆக, பதினோரு மணித் தூக்கத்துக்குப் போர்வை மருந்தாகும் என்று எதிர்பார்த்து வாங்காதீர்கள். மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், சாயங்காலக் குட்டித் தூக்கம், படுக்கும் முன் திரை பார்ப்பது, இதையெல்லாம் குழந்தை மருத்துவரோடு உட்கார்ந்து முதலில் பாருங்கள். படுக்கையில் அவனுக்கு இதமாக இருக்கட்டும் என்று வாங்கினால் அது நியாயமான காரணம்.

இனி வகுப்பு. எடையைப் பேசும் முன் எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் அவன் பாதம் தரையில் முழுதாகப் படுகிறதா? அடுத்தது, பக்கத்துப் பிள்ளை மேல் சாய்வது எப்போது? வந்து உட்கார்ந்த உடனேயா, கொஞ்ச நேரம் கழித்தா? நேரம் போகப் போகச் சாய்கிறான் என்றால் அது அழுத்தம் தேடுவதாக இல்லாமல் முதுகு, வயிற்றுத் தசைகள் சோர்ந்துபோவதாகவும் இருக்கலாம். அப்படிப்பட்ட குழந்தைக்குத் தோளில் 2 கிலோவை ஏற்றினால் இன்னும் சீக்கிரம் சரிவான். ஆட்டிசம் குழந்தைகளில் தசைத் தொய்வு அபூர்வம் இல்லை. யாராவது தொட்டுப் பார்த்துப் பரிசோதித்திருக்கிறார்களா?

எத்தனை கிலோ என்பதற்குப் பொதுவாக வெஸ்ட்டுக்கு உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம், போர்வைக்கு 10 சதவீதம் அளவில் என்று சொல்வது வழக்கம். 21 கிலோவுக்கு 1 முதல் 2 கிலோ. இது நடைமுறையில் புழங்கும் கணக்கு, ஆய்வுக்கூடத்தில் நிறுவியது அல்ல. எவ்வளவு நேரம் என்றால் ஒரு குறிப்பிட்ட வேலைக்காக 15, 20 நிமிடம், அதன்பின் கழற்றிவிட வேண்டும். நாள் முழுக்கப் போட்டால் உடம்பு அதைச் சட்டை போலவே மறந்துவிடும், மிச்சம் இருப்பது புழுக்கமும் தோள்வலியும்தான்.

வலிப்பு, மூச்சுக்கோளாறு, இதயக் கோளாறு, எலும்பு பலவீனம், ரத்த ஓட்டப் பிரச்சனை, தோலில் புண் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் எடை எதுவும் வேண்டாம். கைக்குழந்தைகளுக்கு எந்த எடைப் பொருளும் கூடவே கூடாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2022-ல் எடை வைத்த தூக்கப் பைகளையும் உறைகளையும் பெயர் சொல்லியே தவிர்க்கச் சொல்லியிருக்கிறது.

ஓரம்

நான் பெற்றோர் இல்லை. ஆட்டிசம் உள்ள பெரியவன். இந்தத் தலைப்பில் உள்ளே இருப்பவன் பேசினால் உதவுமோ என்று எழுதுகிறேன்.

எடை என் மேல் இருக்கும்போது என் உடம்பின் ஓரம் எங்கே முடிகிறது என்று தெரியும். மற்ற நேரத்தில் அது சரியாகத் தெரியாது, அதனால் மேசை விளிம்பில் இடுப்பை முட்டிக்கொண்டு நிற்பேன், கைவிரலை மடக்கி அழுத்துவேன். கூட்டமான அறையில் இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு வந்தால் முதலில் போர்வைக்கு அடியில் போய்விடுவேன். வெளிச்சத்தின் சத்தத்தைக் குறைத்தது போல் இருக்கும். (வெளிச்சத்துக்குச் சத்தம் உண்டா என்று கேட்பவர்களுக்கு: எனக்கு உண்டு.)

இதே எடை பள்ளியில் எனக்குத் தண்டனையாக இருந்தது. நான் ஆடினால் ஓர் ஆசிரியை மணல் நிரப்பிய கனமான பையை மடியில் வைத்து, "இது இருக்கிற வரைக்கும் எழுந்திரிக்கக் கூடாது" என்பார். நான் அசையாமல் இருந்தேன். வெளியிலிருந்து பார்த்தால் பை வேலை செய்துவிட்டது. உள்ளே நான் பையை எப்போது எடுப்பார்கள் என்பதைத் தவிர எதையும் கேட்கவில்லை. அந்த வகுப்பில் என்ன பாடம் நடந்தது என்று ஒரு எழுத்து தெரியாது.

எனவே உங்கள் மகனின் பள்ளியில் 'அமைதியாக இருந்தான்' என்று சொன்னால் அதோடு விடாதீர்கள். அமைதியாக இருந்து என்ன செய்தான் என்று கேளுங்கள். பேச்சு குறைவாக உள்ள பையன் என்கிறீர்கள். 'கழற்று' என்று சொல்ல அவனுக்கு ஒரு வழி வேண்டும். படம் போட்ட அட்டையோ, கைச்சைகையோ, எதுவாக இருந்தாலும் சரி. எடையைத் தருவதற்கு முன்பே அதைப் பழக்குங்கள்.

பாலா_அப்பா

ஓரம், நன்றி. எங்க பையன் வெஸ்ட்டைக் கழட்டி எறிஞ்சப்போ எல்லாம் நாங்க மறுபடி மாட்டி விட்டோம், போடப் போடப் பழகிடும்னு சொன்னாங்க. இப்படி ஒரு கோணம் யாரும் சொன்னதில்லை. ராகவன் சார்கிட்ட ஒரு கேள்வி: அப்போ உட்கார வைக்கிறதுக்கு எடையைத் தவிர வேற என்னதான் வழி?

ராகவன்_ஓடி

எடையை அவன் மேல் வைப்பதைவிட அவனையே எடையைத் தள்ள, இழுக்க, தூக்க வைப்பது எனக்குப் பிடித்த வழி. ஹெவி ஒர்க் என்போம். நோட்டுப் புத்தகக் கட்டை ஆசிரியர் அறைக்குத் தூக்கிக்கொண்டு போய் வைப்பது, பாடம் தொடங்கும் முன் நாற்காலிகளைத் தள்ளி வரிசைப்படுத்துவது, சுவரில் உள்ளங்கையை ஊன்றிச் 'சுவரை நகர்த்துவது', யாராவது காலைப் பிடித்துக்கொள்ள கையால் நடப்பது. தசை தானாக வேலை செய்யும்போது வரும் செய்தி, சும்மா மேலே கிடக்கும் எடை தருவதைவிட வலுவானது. வகுப்பில் ஒரு பொறுப்புள்ள ஆளாகவும் தெரிவான். நாற்காலியின் முன்னங்கால்கள் இரண்டுக்கும் நடுவில் இழுவை ரப்பர்ப் பட்டையைக் கட்டிவிட்டால் உட்கார்ந்தபடியே காலால் தள்ளிக்கொண்டிருக்கலாம். பென்சில் மெல்பவர்களுக்கு அதற்கென்றே சிலிக்கான் மெல்லுபொருள் கிடைக்கும்.

இதுவும் எல்லாருக்கும் எடுபடும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். இப்படித் தொடுதல், அழுத்தம், அசைவு போன்ற புலன்கள் வழியாகச் செய்யும் சென்சரி சிகிச்சைகள் பற்றி அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2012-ல் வெளியிட்ட அறிக்கை நிதானமானது. ஆதாரம் குறைவு என்று பெற்றோரிடம் சொல்லுங்கள், முயன்று பார்ப்பதானால் என்ன மாற வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்து, குறித்துவைத்து, பலன் இல்லையென்றால் நிறுத்துங்கள் என்றது. என் வேலையிலும் நான் பிடித்துக்கொண்டிருப்பது அதைத்தான்.

யாழன்அம்மா

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. படிச்சிட்டு நேத்து பள்ளிக்குப் போய் வகுப்பு வாசல்ல நின்னு பார்த்தேன். ராகவன் சார், பாதம் தரையில படவே இல்லை. நாற்காலி பெரிய பிள்ளைங்களோடது. கால் ரெண்டும் அந்தரத்துல ஆடிக்கிட்டே இருக்கு. ஒரு காலை மடிச்சு உட்கார்றான், சறுக்குறான், நிமிர்றான், மறுபடி சறுக்குறான். சாயறது முதல் பாடத்துல இல்லை, இடைவேளைக்கு அப்புறம்தான். தசைப் பரிசோதனை யாரும் பண்ணதா ஞாபகம் இல்லை, கேட்டுப் பார்க்கிறேன்.

மடியில வைக்கிற பை நல்லா இருக்கும்னு தோணுது. அதையே தைக்கலாமா? வேலை செய்யுதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? எனக்கு ஆசையில எல்லாமே வேலை செய்யுற மாதிரிதான் தெரியும்.

இன்னொன்னு. ஸ்பெஷல் எஜுகேட்டர்கிட்ட வெஸ்ட் வேண்டாம்னு சொன்னதுக்கு, சரி, ஒரு எடைப் போர்வையாவது வாங்கிக் கொடுங்க, மெல்ட்டவுன் (தாங்க முடியாம கத்தி அழுது கட்டுப்பாடு இழக்கிறது) வரும்போது சுத்தி வச்சா சீக்கிரம் அடங்கும்னு சொன்னாங்க. அதுக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியாம வந்துட்டேன்.

ராகவன்_ஓடி

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். கண்டிப்பாகக் கூடாது. எழுத்தில் மறுத்துவிடுங்கள்.

2008-ல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில், ஆட்டிசம் உள்ள 9 வயதுச் சிறுவன் பள்ளியில் எடைப் போர்வையில் சுற்றப்பட்டு இறந்துபோனான். அதை விசாரித்த மரண விசாரணை அதிகாரி சொன்னவைதான் இன்று எங்கள் துறையில் அடிப்படை விதிகள். தலையை ஒருபோதும் மூடக்கூடாது. குழந்தை தானாகவே எளிதாக வெளியே வரக்கூடியதாக இருக்க வேண்டும். எடை உடம்புக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். முகமும் மூச்சும் தெரியும்படி ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சுற்றி வைத்தால் குழந்தை தானாக வெளியே வர முடியாது, அங்கேயே விதி மீறப்படுகிறது. அதற்குப் பெயர் சென்சரி உதவி இல்லை, கட்டிப்போடுவது. மெல்ட்டவுனில் இருக்கும் பிள்ளை ஏற்கெனவே வேகமாக மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும். வெளிச்சத்தையும் சத்தத்தையும் குறைத்து, ஆட்களை விலக்கி, அடிபடாமல் பார்த்துக்கொண்டு காத்திருப்பதுதான் அந்த நேரத்து வேலை. போர்வை அறையின் மூலையில் கிடக்கட்டும், வேண்டுமானால் அவனே போய் எடுத்துக்கொள்வான்.

நாற்காலியை முதலில் மாற்றச் சொல்லுங்கள். மாற்ற முடியாவிட்டால் காலுக்கடியில் ஆடாத ஒரு பலகை. முட்டி, இடுப்பு இரண்டும் ஏறக்குறைய செங்கோணத்தில் மடங்க வேண்டும். இதைச் செய்துவிட்டுச் சில நாள் பாருங்கள், எடைப் பையே தேவைப்படாமல் போகலாம். ஒரே நேரத்தில் இரண்டையும் மாற்றினால் எது உதவியது என்று தெரியாது.

அதன்பின் பை. 'ஆசையில் எல்லாம் வேலை செய்வது போல் தெரியும்' என்று எழுதினீர்களே, இதை உணர்ந்த பெற்றோர் குறைவு. ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: எழுதும் 15 நிமிடத்தில் எத்தனை முறை எழுந்தான். பார்ப்பதற்கு ஒரே மாதிரி இரண்டு பை தையுங்கள், ஒன்றில் எடை, மற்றதில் வெறும் பஞ்சு. அன்றன்றைக்கு எது என்று காலையில் காசைச் சுண்டி முடிவு செய்து பையனின் மேசையில் நீங்களே வைத்துவிட்டு வாருங்கள். எண்ணுகிற ஆசிரியரிடம் எது எடைப்பை என்று சொல்ல வேண்டாம். தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும், அதனால் தொடாமல் எண்ணச் சொல்லுங்கள். சில வாரம் கழித்து இரண்டு பைகளின் எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும், கணக்கு வாத்தியார் தேவையில்லை. எழுவது குறையாவிட்டாலும் அவனே தேடிப்போய்ப் பையை எடுக்கிறான் என்றால் அதையும் குறித்துவையுங்கள். அதுவும் ஒரு பதில்தான்.

அகிலா (ரெண்டு பொண்ணுங்க அம்மா)

தைக்கிறது பத்தி நான் சொல்றேன், அது என் ஏரியா.

நல்ல கெட்டியான பருத்தித் துணியில ரெட்டை அடுக்கு. உள்ள நிரப்ப பிளாஸ்டிக் குருணை இல்லன்னா சின்னக் கண்ணாடி மணி. தானியம் வேண்டாம், துவைக்க முடியாது, ஈரம் பட்டா பூச்சி வரும். மொத்தமா ஒரே பையில கொட்டினா எல்லாம் ஒரு மூலைக்கு ஓடிடும், அதனால உள்ளங்கை அளவுக் கட்டம் கட்டமா தையல் போட்டு, ஒவ்வொரு கட்டத்துலயும் சமமா நிரப்பிட்டு அடுத்த வரிசையைத் தைக்கணும். மணி ஊசிக்கு அடியில வந்து ஊசி முறியும், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கிட்டுத் தைங்க. மடிக்கு 1 கிலோவுக்குள்ளயே ஆரம்பிங்க. மேல ஒரு தனி உறை, அதை மட்டும் கழட்டித் துவைக்கலாம். சொரசொரப்பான துணியோ உறுத்துற மடிப்போ இருந்தா லேபிள் கதைதான், உங்க பையன் ஏத்துக்க மாட்டான்.

பென்சிலை மெல்ற பையன்னு சொன்னீங்க. அப்போ பையோட மூலையையும் வாயில வைப்பான். ஒரு மணி வெளிய வந்தாலும் தொண்டையில சிக்கும். மூலைகளை வளைவா வெட்டி, எல்லா ஓரத்துக்கும் மூணு வரித் தையல் போடுங்க. வாரத்துக்கு ஒரு தடவையாவது விரலால தடவிப் பார்த்து, நூல் பிரிஞ்சிருந்தா அன்னைக்கே எடுத்து வச்சிடுங்க. யாரும் பார்க்காத நேரத்துல அவன்கிட்ட பையை விடாதீங்க.

பின்னால போர்வை வாங்குறதா இருந்தா உறைக்கு ஜிப் இருக்கான்னு பாருங்க. 2022-ல அமெரிக்காவுல ரெண்டு சின்னப் பொண்ணுங்க, 4 வயசும் 6 வயசும், போர்வை உறையோட ஜிப்பைத் திறந்து உள்ள போய் மாட்டி இறந்துட்டாங்க. அந்தப் போர்வை 2 லட்சத்துக்கு மேல திரும்ப வாங்கப்பட்டுச்சு. சந்துக்குள்ள நுழையப் பிடிக்கிற பிள்ளை ஜிப் திறந்திருந்தா உள்ளதான் போகும். நான் எங்க வீட்டுப் போர்வைக்கு ஜிப்பை எடுத்துட்டு உறையைச் சுத்தி கையாலயே தைச்சிட்டேன், துவைக்கிறப்போ பிரிச்சிட்டுத் திரும்பத் தைக்கிறது எரிச்சல்தான், ஆனா அப்படியே இருக்கட்டும்.

யாழன்அம்மா

நாற்காலிக்கு இன்னைக்கே கடிதம் கொடுத்துட்டேன், போர்வை சுத்தக்கூடாதுங்கிறதையும் அதுலயே எழுதிட்டேன். 'கழட்டு' சைகைக்கு ரெண்டு கையையும் நெஞ்சுல இருந்து வெளிய தள்ளுற மாதிரி வச்சிருக்கோம், சட்டை மாத்தும்போது பழக்குறோம். பை தைச்சதும் எண்ணிக்கையோட வர்றேன்.